குறைந்த விலை ஒற்றைப்பலகைக் கணினிகளும் தமிழ் எழுத்துகளும்: ஓர் அறிமுக விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மாணவர் கணினியின் உள்ளமைப்பைத் தொட்டுப் பழகிக் கற்கும் வாய்ப்பை ஒற்றைப்பலகைக் கணினிகள் உருவாக்கியுள்ளன. ராஸ்பெர்ரி பை, மைக்ரோபிட் முதலிய பலகைகளின் தோற்றம், அமைப்பு, விலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இப்பலகைகளில் தமிழ் எழுத்து எவ்வாறு சேமிக்கப்படுகிறது, எண்ணப்படுகிறது, காட்டப்படுகிறது என்பதையும் ஆராய்கிறது. இயங்குதளம் கொண்ட பலகைகளில் தமிழ் பெரும்பாலும் சிக்கலின்றி இயங்குகிறது. நுண்கட்டுப்படுத்திப் பலகைகளிலோ, 1990களில் தமிழ்க் கணிமை எதிர்கொண்ட எழுத்துவடிவச் சிக்கல் மீண்டும் எழுகிறது. எனவே தமிழ்வழிக் கற்பித்தலுக்குப் பலகையைத் தெரிவு செய்யும்போது விலையோடு எழுத்தையும் ஓர் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஒற்றைப்பலகைக் கணினி, ராஸ்பெர்ரி பை, நுண்கட்டுப்படுத்தி, ஒருங்குறி, உயிர்மெய், மாலைமாற்று, கலைச்சொல்.

1. முன்னுரை

கணினி கற்றல் என்பது பெரும்பாலான கல்விக்கூடங்களில் ஆயத்தமாக உள்ள மென்பொருளைப் பயன்படுத்தக் கற்றலாகவே அமைந்துள்ளது. கணினியின் உள்ளே நிகழ்வது என்ன, ஒரு கட்டளை எவ்வாறு மின்னோட்டமாக மாறி விளக்கை எரியச் செய்கிறது என்பன மாணவர்க்கு மறைபொருளாகவே நின்றுவிடுகின்றன. விலையுயர்ந்த கருவியைப் பிரித்துப் பார்க்கவோ பழுதாக்கிவிடும் துணிவோடு சோதித்துப் பார்க்கவோ எவரும் இடங்கொடுப்பதில்லை. இந்நிலையை மாற்றும் நோக்குடன் தோன்றியவையே குறைந்த விலை ஒற்றைப்பலகைக் கணினிகள்.

இவற்றைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் பொறியியல் நோக்கிலேயே எழுதப்படுகின்றன. இக்கருவிகளைத் தமிழ் மாணவர் ஒருவர் கையிலெடுத்தால் முதலில் செய்ய விரும்புவது தம் பெயரைத் திரையில் காண்பதாக இருக்கலாம். அவ்விருப்பம் எப்பலகையில் நிறைவேறும், எதில் நிறைவேறாது, ஏன் என்னும் வினாக்கள் எழுத்திலக்கணத்தோடு தொடர்புடையவை. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒற்றைப்பலகைக் கணினி: வரையறை

செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு இணைப்பிகள் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த கணினி ஒற்றைப்பலகைக் கணினி எனப்படும். மேசைக்கணினியில் தாய்ப்பலகையின்மீது செயலியும் நினைவகமும் தனித்தனியே பொருத்தப்படுகின்றன. ஒற்றைப்பலகைக் கணினியில் அவை பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளன. எனவே அளவும் விலையும் குறைகின்றன. அதே வேளையில் நினைவகத்தைப் பின்னர் கூட்டிக்கொள்ளும் வாய்ப்பு இல்லாமற் போகிறது.

இவ்வகைப் பலகையோடு அடிக்கடி சேர்த்து எண்ணப்படுவது நுண்கட்டுப்படுத்திப் பலகை. ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை பிக்கோ, மைக்ரோபிட் ஆகியவை இவ்வகையின. இவற்றில் லினக்ஸ் போன்ற முழுமையான இயங்குதளம் இயங்குவதில்லை. மாணவர் எழுதிய ஒரு நிரலே மின்சாரம் வந்தவுடன் தொடங்கித் தொடர்ந்து இயங்கும். பிக்கோ பலகையின் நினைவகம் 264 கிலோபைட் மட்டுமே. ராஸ்பெர்ரி பையின் முதற்பலகையிலோ 256 மெகாபைட் நினைவகம் இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் மடங்கான இவ்வேறுபாடே தமிழ் எழுத்தின் நிலையையும் பெரிதும் முடிவு செய்கிறது என்பது பின்னர் விளங்கும்.

3. தோற்றமும் வளர்ச்சியும்

ஒற்றைப்பலகைக் கணினி என்னும் கருத்து புதியதன்று. 1976இல் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனம் வெளியிட்ட கிம்-1 என்னும் பலகை 245 டாலருக்கு விற்கப்பட்டது. பதினாறடிமான எண்விசைகளும் ஆறு எண் காட்டியும் கொண்ட அப்பலகையில் பலர் தாமே கணினி கற்றனர். பின்னர் 1981இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் கணினி எழுத்தறிவுத் திட்டத்திற்காகக் கேம்பிரிட்ஜ் நகரின் ஏக்கார்ன் நிறுவனம் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினியை உருவாக்கியது. அதைத் திறந்தவுடன் தோன்றியது கட்டளை எழுதும் திரையே. பயன்படுத்துவோர் நிரல் எழுதுவோராகவும் இருந்தாக வேண்டிய சூழலை அது அமைத்தது.

அச்சூழல் பின்னர் மறைந்தது. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தைச் சார்ந்த எபென் அப்டன், ராப் மல்லின்ஸ், ஜாக் லாங், ஆலன் மைக்ரோஃப்ட் ஆகியோர் 2006ஆம் ஆண்டளவில் ஒரு மாற்றத்தைக் கவனித்தனர். கணினி அறிவியல் பயில விண்ணப்பிப்போரின் எண்ணிக்கை குறைந்திருந்தது. வருவோரும் முன்னைய தலைமுறையினரைப் போல நிரலெழுதிப் பழகியவராக இல்லை. இக்குறையைப் போக்க மலிவான, நிரலெழுதத்தக்க ஒரு கணினி வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவே ராஸ்பெர்ரி பை.

அதன் முதற்பலகை 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளிவந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய ஆர்ம் செயலி அதில் இடம்பெற்றது. ஆர்ம் என்னும் செயலி மரபே ஏக்கார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோரால் 1980களில் வடிவமைக்கப்பட்டதாகும். ஆகவே பள்ளிக் கணினி ஒன்றின் வழித்தோன்றல் மீண்டும் பள்ளிக்கே வந்தது எனலாம். பெயரும் இம்மரபை உணர்த்துகிறது. ஆப்பிள், ஏப்ரிகாட் எனக் கணினி நிறுவனங்களுக்குப் பழப்பெயர் இடும் வழக்கிலிருந்து ராஸ்பெர்ரி என்பதும், பைத்தான் என்னும் நிரல்மொழியிலிருந்து பை என்பதும் வந்தன. மாடல் ஏ, மாடல் பி என்னும் வகைப்பெயர்கள் பி.பி.சி. மைக்ரோவைப் பின்பற்றியவை.

2014இல் 40 முள் கொண்ட இணைப்பி வந்தது. 2015 நவம்பரில் 5 டாலர் விலையுள்ள ஸீரோ பலகை வெளிவந்தது. மேக்பை என்னும் இதழின் அட்டையில் அது இலவசமாக ஒட்டி வழங்கப்பட்டது. இதழ் வாங்குவோர் கணினியொன்றையும் பெற்றது அதுவரை காணாத நிகழ்வாகும். அதே ஆண்டு திசம்பரில் இருபலகைகள் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் சென்றன. மாணவர் எழுதிய நிரல்கள் அங்கே இயக்கப்பட்டன. 2016இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பலகையில் கம்பியில்லா இணைய இணைப்பு சேர்ந்தது. 2021இல் 4 டாலர் விலையில் பிக்கோ வெளிவந்தது. மைக்ரோபிட் பலகை 2016இல் பிரித்தானியாவில் 11, 12 அகவையுடைய மாணவர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருக்கு இலவசமாக வழங்கப்பட்டது.

4. விலை என்னும் அளவுகோல்

35 டாலர் என்பது பலகையின் விலை மட்டுமே. மின்வழங்கி, நினைவக அட்டை, விசைப்பலகை, சுட்டி, திரை ஆகியன தனியே வாங்கப்பட வேண்டியவை. இவற்றுள் எதுவும் கைவசம் இல்லாதவர்க்கு மொத்தச் செலவு பலகையின் விலையைப் போலப் பன்மடங்காகிவிடும். பின்னர் ஏற்பட்ட மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டின்போது பலகைகள் கிடைப்பதே அரிதாயிற்று. 2023இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறையின் 4 ஜிகாபைட் பலகைக்கு 60 டாலர் விலை குறிக்கப்பட்டது. விலை உயர்ந்தமைக்கேற்ப ஆற்றலும் உயர்ந்துள்ளது உண்மையே. எனினும் பழுதானாலும் கவலையில்லை என்னும் தொடக்ககால விடுதலையுணர்வு இன்று ஸீரோ, பிக்கோ ஆகிய சிறுபலகைகளுக்கே பெரிதும் பொருந்துகிறது.

கற்பிப்போர் அறிந்திருக்க வேண்டிய நடைமுறைக் கூறுகள் சிலவும் உள. ராஸ்பெர்ரி பையின் முட்கள் 3.3 வோல்ட் அளவில் இயங்குபவை. அவற்றில் 5 வோல்ட் மின்னழுத்தம் பாய்ந்தால் பலகை பழுதடையும். சிறுவிளக்கு ஒன்றை இணைக்கும்போது 330 ஓம் மின்தடை ஒன்றை இடையில் அமைப்பது வழக்கம். சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, எஞ்சிய 1.3 வோல்ட்டை 330ஆல் வகுத்தால் 4 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைந்த மின்னோட்டம் கிடைக்கும். இது முள்ளுக்குத் தீங்கற்றது. முறையாக நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்தால் நினைவக அட்டையில் உள்ள கோப்புகள் சிதையக்கூடும். ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய பலகைகளில் கடிகாரச் சில்லு இல்லை. இணையம் இல்லாத இடத்தில் அவை சரியான நேரத்தை அறியா. களஆய்வில் ஒலிப்பதிவு செய்வோர் பதிவு நேரத்தைத் தனியே குறித்துக்கொள்வது இதனால் இன்றியமையாததாகிறது.

5. பலகைகளில் தமிழ் எழுத்து

5.1 இயங்குதளம் கொண்ட பலகைகள்

ராஸ்பெர்ரி பையின் இயங்குதளம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. எனவே டெபியனில் உள்ள தமிழ் வசதிகள் பலவும் இதில் கிடைக்கின்றன. லோகித், நோட்டோ ஆகிய தமிழ் எழுத்துருக்களை நிறுவலாம். 1999இல் வரையறுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்யலாம். படத்திலுள்ள அச்செழுத்தை உரையாக மாற்றும் டெசராக்ட், உரையை ஒலியாக்கும் ஈஸ்பீக் ஆகிய மென்பொருள்களிலும் தமிழ் இடம்பெற்றுள்ளது. திரையில் தமிழைப் படிக்கவும் எழுதவும் இவ்வகைப் பலகையில் பெருந்தடை ஏதுமில்லை.

சிக்கல் நிரலெழுதும்போது தொடங்குகிறது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி 1988இன் இந்திய எழுத்துக் குறியீட்டுத் தரத்தைப் பின்பற்றி அமைந்தது. அதில் அகரமேறிய க என்பதே அடிப்படைக் குறி. க் என்பது க, புள்ளி ஆகிய இரு குறிகளின் சேர்க்கை. கி என்பது க, இகரக்குறி ஆகியவற்றின் சேர்க்கை. தமிழ் இலக்கண மரபிலோ மெய்யே முதன்மையானது. அதனோடு உயிர் கூட உயிர்மெய் பிறக்கும். இலக்கணத்தில் சேர்க்கையாக உள்ளது ஒருங்குறியில் தனிக்குறியாகவும், இலக்கணத்தில் தனியெழுத்தாக உள்ளது ஒருங்குறியில் சேர்க்கையாகவும் அமைந்துவிடுகின்றன.

இதன் விளைவு எளிய பயிற்சியிலேயே தெரியும். ‘வணக்கம்’ என்னும் சொல்லில் வ, ண, க், க, ம் என எழுத்துகள் ஐந்து. பைத்தான் மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 7 என விடை வரும்; புள்ளிகள் இரண்டும் தனியே எண்ணப்படுவதே காரணம். அச்சொல் கோப்பில் 21 பைட் இடம் கொள்ளும்.

நிரல் கற்போர்க்குத் தரப்படும் தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு சொல் முன்னும் பின்னுமாகப் படிக்க ஒன்றாகவே உள்ளதா எனச் சோதிப்பது. தமிழில் இது மாலைமாற்று எனப்படும். திருஞானசம்பந்தர் இவ்வகையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். ‘விகடகவி’ என்னும் சொல்லை இச்சோதனைக்கு உட்படுத்தினால், அது மாலைமாற்று அன்று எனக் கணினி கூறும். அச்சொல் வ, இகரக்குறி, க, ட, க, வ, இகரக்குறி என ஏழு குறிகளாகச் சேமிக்கப்பட்டுள்ளது. திருப்பினால் இகரக்குறி முதலில் வந்து நிற்கும். எனவே இரண்டும் ஒவ்வா. நிரலில் பிழையில்லை; மாணவரின் மொழியறிவிலும் பிழையில்லை. எழுத்து என்பதன் வரையறையே இரண்டிடத்தும் வேறுபட்டுள்ளது. இவ்வேறுபாட்டை முன்கூட்டியே விளக்காத ஆசிரியரிடம் கற்கும் மாணவர், தமிழ் கணினிக்கு ஏற்றதன்று என்னும் தவறான முடிவுக்கு வர இடமுண்டு. சொல்லைக் குறிகளாக அன்றி எழுத்துகளாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகங்கள் இதற்குத் தீர்வாக உள்ளன. பிரித்தபின் வி, க, ட, க, வி என ஐந்து எழுத்துகள் கிடைக்கும். சோதனையும் வெற்றி பெறும். அசை பிரித்தல், மாத்திரை கணித்தல் முதலிய யாப்பு ஆய்வு நிரல்களுக்கும் இப்பிரிப்பே முதற்படியாகும்.

5.2 நுண்கட்டுப்படுத்திப் பலகைகள்

மைக்ரோபிட் பலகையின் முகப்பில் 5 வரிசையும் 5 நிரலுமாக 25 சிறுவிளக்குகள் உள்ளன. இலத்தீன் பெரிய எழுத்துகள் இக்கட்டத்தில் இனங்காணுமாறு அமைகின்றன. தமிழில் ட, ப ஆகிய கோட்டெழுத்துகளை இதில் வரைய இயலும். இருசுழி ன, முச்சுழி ண ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்ட இடமில்லை. மனம், மணம் என்னும் இரு சொற்களும் இத்திரையில் ஒன்றாகிவிடும். வடிவச் சிக்கல் இங்கே பொருட்சிக்கலாக மாறுகிறது.

கற்றல் கருவித் தொகுப்புகளில் பரவலாக இடம்பெறும் 16 கட்டம், 2 வரி கொண்ட எழுத்துத்திரையின் நிலையும் இத்தகையதே. எச்.டி.44780 என்னும் கட்டுப்படுத்தியைப் பின்பற்றிய இத்திரையில் ஒவ்வொரு கட்டமும் 5 நிரலும் 8 வரிசையும் உடையது. எழுத்து வடிவங்கள் சில்லிலேயே நிலையாகப் பொறிக்கப்பட்டுள்ளன, பெரும்பாலான திரைகளில் இலத்தீன் எழுத்துகளும் சப்பானியக் கதகனா எழுத்துகளும் உள்ளன, தமிழ் இல்லை. பயனர் தாமே வரைந்து சேர்க்கக்கூடியவை ஒரு நேரத்தில் 8 வடிவங்கள் மட்டுமே.

தமிழுக்கு எத்தனை வடிவங்கள் தேவை என்பதைக் கணக்கிடலாம். ஔகாரத்தை ஒ, ள ஆகியவற்றால் அமைத்துக்கொண்டால் உயிர் வடிவங்கள் 11, ஆய்தம் 1, அகரமேறிய வடிவம் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகர ஈகார வடிவங்கள் 36, உகர ஊகார வடிவங்கள் 36, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகிய தனிநிற்கும் குறிகள் 4. ஆக 247 எழுத்துகளையும் காட்ட 124 வடிவங்கள் வேண்டும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னை போன்ற 13 எழுத்துகள் பொதுவடிவம் பெற்றிராவிட்டால் இத்தொகை மேலும் கூடியிருக்கும். 124 வடிவம் வேண்டும் மொழிக்கு 8 இடம் போதாது என்பது வெளிப்படை. குறிப்பிட்ட ஒரு சொல்லை மட்டும் காட்ட வேண்டுமாயின் அச்சொல்லுக்குரிய வடிவங்களை வரைந்துகொள்ளலாம். சொல் மாறினால் வடிவங்களையும் மாற்ற வேண்டும்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வடிவங்களை எண்ணி இடம் ஒதுக்குதல் தமிழ்க் கணிமைக்குப் புதிய வேலையன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், 1990களில் எழுந்த எட்டுத்துண்மக் குறியாக்கங்கள் இச்சிக்கலையே எதிர்கொண்டன. 256 இடங்களுக்குள் இலத்தீனையும் தமிழையும் அடக்க வேண்டிய நெருக்கடியில்தான் டாம், டாப் ஆகிய குறியாக்கங்கள் வரையறுக்கப்பட்டு 1999இல் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பட்டன. பெரிய கணினிகளில் வழக்கொழிந்த அவ்வணுகுமுறை, சிறுபலகைகளுக்கு இன்றும் பயன்படத்தக்கதாக உள்ளது. தமிழ்க் கணிமை வரலாற்றைக் கற்பது பழமை பேணுதல் மட்டுமன்று என்பதற்கு இது சான்றாகும்.

5.3 இடைப்பட்ட தீர்வு

128 நிரலும் 64 வரிசையும் கொண்ட சிறிய ஓலெட் திரைகள் கட்டங்களாகப் பிரிக்கப்படாதவை. ஒவ்வொரு புள்ளியையும் தனியே ஒளிர்விக்கலாம். எனவே தமிழ்ச் சொல்லை ஒரு படமாக வரைந்து காட்ட இயலும். ராஸ்பெர்ரி பையில் பில்லோ என்னும் பைத்தான் நிரலகத்தைக் கொண்டு இதைச் செய்யலாம். ஆயினும் எழுத்துகளை வரிசைப்படுத்தும் ராக்கம் என்னும் துணைநிரலகம் உடன் இருத்தல் வேண்டும். அஃதின்றேல் ‘கெ’ என்பதன் கொம்பு ககரத்திற்குப் பின்னே சென்று நிற்கும். ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படுவதும், அதைத் திரையில் முன்னே கொணர்வது எழுத்தொழுங்கு நிரலின் பணியாக இருப்பதும் இதற்குக் காரணம்.

பிக்கோ போன்ற சிறுபலகையில் இவ்வொழுங்கு நிரலை இயக்குதல் எளிதன்று. பெரிய கணினியில் சொல்லைப் படமாக்கி, அப்படத்தைப் பலகையில் ஏற்றுவதே எளிய வழி. 128க்கு 64 அளவுடைய கருப்புவெள்ளைப் படத்துக்கு 1024 பைட் போதும். ஒரு வகுப்பு மாணவர் முப்பதின்மர் பெயர்களையும் இவ்வாறு ஏற்றினால் ஏறத்தாழ 30 கிலோபைட் இடமே செலவாகும்.

6. கலைச்சொல் நிலை

இத்துறையின் தமிழ்க் கலைச்சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. செயலி என்னும் சொல் கணினியின் மையச் சில்லையும் கைப்பேசியில் நிறுவப்படும் மென்பொருளையும் ஒருங்கே குறிக்கிறது. ‘செயலியை மாற்றுக’ என்னும் அறிவுரை, ஒற்றைப்பலகைக் கணினியைப் பொறுத்தவரை ஒரு பொருளில் எளிது. மற்றொரு பொருளில் இயலாதது. மென்பொருளைக் குறுஞ்செயலி என வழங்குவோர் உளர். அவ்வழக்கு பரவின் இம்மயக்கம் நீங்கும். பலகை என்னும் சொல் பொருத்தமாக அமைந்துள்ளது. எழுதுபலகை, கரும்பலகை, விசைப்பலகை எனக் கற்றலோடும் எழுத்தோடும் தொடர்புற்று வரும் அச்சொல், மின்சுற்றுப் பலகைக்கும் இயல்பாகப் பொருந்துகிறது.

நிரல்மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயினும், பைத்தானின் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ்ப்பெயர் இட இயலும். எழில் என்னும் நிரல்மொழியில் பதிப்பி, ஆனால், முடி எனக் கட்டளைகளே தமிழில் உள்ளன. தொடக்க நிலையில் கருத்தைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்டு பின்னர் பிறமொழிக் கட்டளைகளுக்குச் செல்ல இவை துணைபுரியும்.

7. தமிழாய்வில் பயன்பாடு

ஒற்றைப்பலகைக் கணினியைத் தமிழ்த்துறைகள் இருவகையில் பயன்படுத்தலாம். முதலாவது, இணையமில்லா மின்நூலகம். ராஸ்பெர்ரி பை ஒன்றை வழங்கிக் கணினியாக அமைத்து, 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தின் மின்னுரைகளையும் தமிழ் விக்கிப்பீடியாவின் இணையமில்லாப் படியையும் அதில் ஏற்றினால், வகுப்பறையில் உள்ளோர் தம் கைப்பேசிவழி அவற்றைப் படிக்கலாம். இரண்டாவது, களஆய்வு. மின்கல வழங்கியில் இயங்கும் சிறுபலகையோடு ஒலிவாங்கியை இணைத்து நாட்டார் வழக்காற்றுப் பதிவுகளைச் சேகரிக்கலாம். வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை அளக்கும் உணரிகளை இணைத்துச் சுவடிக் காப்பறையின் நிலையைத் தொடர்ந்து பதிவு செய்யலாம். பின்னதற்கு 4 டாலர் பிக்கோவே போதுமானது.

8. முடிவுரை

• ராஸ்பெர்ரி பை முதலான பலகைகள், நிரலெழுதும் பழக்கம் மாணவரிடையே குறைந்ததை ஈடுசெய்யத் தோன்றியவை. துணைக்கருவிகளையும் கூட்டியே அவற்றின் விலையை மதிப்பிட வேண்டும்.

• இயங்குதளம் கொண்ட பலகைகளில் தமிழைக் காட்டுவதில் தடையில்லை. எண்ணுதல், திருப்புதல், ஒப்பிடுதல் ஆகிய செயல்களில் ஒருங்குறியின் குறிக்கும் இலக்கண எழுத்துக்கும் உள்ள வேறுபாடு கற்பிக்கப்பட வேண்டும்.

• நுண்கட்டுப்படுத்திப் பலகைகளின் சிறுதிரைகள் தமிழின் 124 வடிவங்களை ஏற்கும் திறனற்றவை. தமிழ்வழி வகுப்புக்கு எழுத்துத்திரைக்கு மாற்றாகப் புள்ளித்திரையைத் தெரிவு செய்வது பொருத்தமாகும்.

• சிறுதிரைக்கேற்ற தமிழ்ப் புள்ளியெழுத்துருவை உருவாக்குதல் பொறியாளர் மட்டும் செய்து முடிக்கும் பணியன்று. எச்சுழியைக் குறைத்தாலும் எழுத்து அதுவாகவே நிற்கும், எதைக் குறைத்தால் மணம் மனமாகிவிடும் என்பதை அறிந்த எழுத்தியல் ஆய்வாளரும் அதில் பங்கேற்றல் வேண்டும். தமிழ்த்துறை, கணினித்துறை ஆகிய இரண்டும் இணைந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுக்களமாக இது அமைந்துள்ளது.